திட்டு வாங்காதவள்

எங்கள் நந்தோம் ஊரில் ஒருவர் உங்களைப் பார்த்து வணக்கம் சொல்லி, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டு, அதோடு நிறுத்திக்கொண்டு நகர்ந்துவிட்டால், அவருக்கும் உங்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று பொருள். எசினாமுக்குப் பதினோரு மாதம் இந்த மரியாதைதான் கிடைத்தது. அதற்குக் காரணம் நான். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் அண்ணி பெர்பெத்துவா சொல்லிவிடுவாள், அதுவும் கூட்டிச் சொல்வாள்.

எசினாம், அகுருகுவின் மனைவி. அகுருகு எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள வந்தவன். பழைய ஏற்பாட்டை எங்கள் மொழியில் கொண்டுவர ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறோம், ஆறு லேப்டாப், கூரைமேல் சூரியத் தகடுகள். அவன் வருவதற்கு முன் கம்ப்யூட்டர் நின்றுபோனால் ஜெபம் செய்வோம். பாதி எழுந்துவிடும், பாதி எழாது. அவன் வந்த பிறகும் அதே பாதிதான் என்பார் என் அண்ணன் தெங்கான். அது பொய். அண்ணன் எரேமியாவை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார், அந்த வேலைக்கு நடுவே பொய் சொல்ல அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை.

அண்ணன் அப்படிச் சொன்னதில் தப்பும் இல்லை. நாங்கள் தகாபா இனம், அகுருகு ஃப்ராஃப்ரா இனம். இரண்டு இனத்துக்கும் கேலிமுறை. உங்கள் ஊரில் மாமன் மச்சான் கேலி செய்வார்களே, அது இங்கே ஓர் இனம் முழுவதும் இன்னோர் இனம் முழுவதோடும். நாயை அறுத்தால் தலை யாருக்கு என்று எந்தக் காலத்திலோ தொடங்கிய வழக்கு, இன்னும் தீர்ப்பாகவில்லை. நான் அவனை நாய்த்தலைக்காரன் என்பேன், அவன் என்னை நாய்வால் நக்கி என்பான். யாருக்குக் கோபம் வருகிறதோ அவன்தான் குற்றவாளி.

எசினாம் இரண்டிலும் சேர்த்தியில்லை. அவள் தெற்கே, ஹோ ஊர்க்காரி, எவே இனம். அங்கே சொந்தத் தையற்கடை, மூன்று பெண்கள் அவளிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தார்கள். புருஷனுக்கு வடக்கே வேலை என்றதும் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு, "ஒரு வருஷம் பார்க்கலாம்" என்று கிளம்பியவள். லாரியில் இரண்டு நாள் பயணம். ஃபிரிட்ஜ், கட்டில், இரண்டு பெண் குழந்தைகள், மடியில் தையல் மெஷின்.

லாரியிலிருந்து சாமான் இறக்க நான் போனேன். புதிதாக வந்தவளுக்கு ஊர் ஒட்ட வேண்டுமே என்ற நல்லெண்ணத்தில், முறைப்படி பேச்சை ஆரம்பித்தேன்.

"அடியே என் பொண்டாட்டி! இந்த நாய்த்தலைக்காரன் உன்னை எங்கேர்ந்து திருடிட்டு வந்தான்? பெட்டியை இங்க இறக்காத, என் வீட்டுக்குக் கொண்டு வா. அங்க சோறாவது கிடைக்கும்."

அகுருகு சிரித்தான். லாரி டிரைவர் சிரித்தான். எசினாம் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் எங்கள் இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டாள், அழகான கையெழுத்தில். கேலிமுறையைப் பற்றி அகுருகு அவளிடம் அன்று மாலைதான் சொன்னானாம். "இதைப் போய் சொல்லணுமா? இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றான் என்னிடம். எட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவன் பேசுகிற பேச்சு!

இயக்குநரும் தகாபாதான். ஆனால் வெளிநாட்டில் படித்தவர். கடிதம் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு ஒரு நடவடிக்கை இருக்க வேண்டும் என்பவர். என்னைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார். நானும் சட்டை மாற்றிக்கொண்டு போய்க் கேட்டேன். இந்தக் கதையில் பெரிய தப்பு எது என்று கேட்டால் அதுதான். கேலிக்கு மன்னிப்புக் கேட்டவனை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை. அன்று சந்தை கலைவதற்குள் விஷயம் பரவிவிட்டது: அந்த வீட்டுப் பெண்ணிடம் வாயைத் திறக்காதீர்கள், வணக்கம் சொல்லுங்கள், வந்துவிடுங்கள்.

அப்படியே செய்தார்கள். துணி தைக்கக் கொடுக்க வந்தவர்கள் அளவு கொடுத்தார்கள், நன்றி சொன்னார்கள், போனார்கள். கிணற்றடியில் அவள் வந்தால் பெண்கள் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். சோளக் கள் விற்கும் இடத்தில் முதல் குடுவையை அவளுக்கு மரியாதையாக நீட்டிவிட்டு எல்லோரும் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு விஷயம் புரிந்து வெட்கப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. என்னைத் திட்டுங்கள் என்று எப்படிப் போய்க் கேட்பது?

"உன்னைத் தெருவுல நிறுத்தி வெச்சுத் திட்டுறாங்க. என் பொண்ணுங்களைக்கூட நாய்க்குட்டின்னு கூப்பிடுறாங்க. எனக்கு மட்டும் குட்மார்னிங்" என்று அவள் அகுருகுவிடம் சொன்னாளாம். பள்ளி ஆண்டு முடிந்ததும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஹோவுக்குத் திரும்பிவிடுவதாகவும் சொன்னாள். அவன் வேண்டுமானால் வேலையை முடித்துவிட்டு வரட்டும். எரேமியா முடியவே இன்னும் ஒரு வருஷம், அதற்கப்புறம் எசேக்கியேல் இருக்கிறார்.

அகுருகு இதை என்னிடம் ஒரு பாட்டரியைக் கழற்றிக்கொண்டே சொன்னான். குரல் மாறவில்லை. ஆனால் அந்தப் பாட்டரியை மூன்று தடவை தப்பாக மாட்டினான்.

நல்ல வேலைக்காரன். லேப்டாப்புக்குள் எறும்பு புகுந்தால் எந்தப் பக்கம் தட்ட வேண்டும் என்று தெரிந்தவன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எழுதியதையெல்லாம் ஒரு நகல் அனுப்பிவிட வேண்டும், இல்லையென்றால் ஒருநாள் எல்லாம் போய்விடும் என்று தொண்டை கிழியச் சொல்வான். ஃப்ராஃப்ராக்காரன் புத்தி சொல்வது என்பதே எங்களுக்கு வேடிக்கை. எவ்வளவு கடுமையாகச் சொல்கிறானோ அவ்வளவு சிரிப்போம். தெங்கான் அண்ணன் அதிகம் சிரிப்பார். "நாய்த்தலையைப் பத்திரமா வெக்கத் தெரியாதவனுங்க, எரேமியாவைப் பத்திரமா வெக்கிறானாம்!" அதனால் வெள்ளிக்கிழமை நகல் அண்ணனிடமிருந்து மட்டும் போகாது. அகுருகு வீட்டுக்குப் போயும் இதையே புலம்புவான்.

ஆகஸ்டில் பள்ளி மூடினார்கள். திங்கட்கிழமை பஸ்ஸுக்கு எசினாம் இடம் சொல்லி வைத்துவிட்டாள். அதற்கு முந்தைய வியாழக்கிழமை, துமு ஊரில் இருக்கிற இன்னொரு அலுவலகத்தில் மின்னல் இறங்கிவிட்டது என்று அகுருகு கிளம்பிப் போனான். அன்று மதியம் தெங்கான் அண்ணன் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தார். அப்படியே போய்விட்டார். ஐம்பத்தாறு வயது.

எங்கள் சாவு வீடு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இறந்தவரை நல்ல உடை உடுத்தி, உயரமாகக் கட்டிய பந்தல் மேடையில் உட்கார வைப்போம். அவர் பிழைப்புக்கு வைத்திருந்த பொருட்களையும் பக்கத்தில் வைப்போம். அண்ணனுக்கு ஒரு மண்வெட்டி, ஒரு லேப்டாப். கீழே மரச்சட்டங்களை அடுக்கிய வாத்தியம் ஓயாமல் ஒலிக்கும். கூடப்பிறந்தவன் துக்கத்தில் ஓடிப்போய் எதையாவது செய்துகொள்ளாமல் இருக்க மணிக்கட்டில் கயிறு கட்டி ஒருவன் பிடித்திருப்பான். என்னையும் கட்டினார்கள். எனக்கு அழுகையே வரவில்லை. ஓடவும் தோன்றவில்லை. கயிறு பிடித்த சித்தப்பா மகன் நின்றபடியே தூங்கி விழுந்தான்.

இதில் கேலிமுறைக்காரன் வந்தாக வேண்டும். அவன்தான் பிணத்தை மறித்து, இறந்தவரை வைது, ஏதாவது கொடுத்தால்தான் தூக்க விடுவேன் என்று வம்பு செய்வான். அந்தக் கூத்து இல்லாமல் புதைத்தால் ஆளை மதிக்காமல் அனுப்பிய மாதிரி. ஊரில் மூன்று ஃப்ராஃப்ராக்காரர்கள் இருந்தார்கள். வாத்தியார் விடுமுறைக்குப் போய்விட்டார். போலீஸ்காரருக்கு மாற்றலாகிவிட்டது. மூன்றாமவன் அகுருகு. துமு சாலையில் தண்ணீர் புரண்டு லாரி அந்தக் கரையில் நின்றுவிட்டது.

சனிக்கிழமை மதியம் வரை காத்திருந்தோம். மழைக்காலம், அதற்கு மேல் வைக்க முடியாது. ஒருவரும் வையாமல், ஒருவரும் சிரிக்காமல் என் அண்ணன் போகப் போகிறார். அவருக்கு இதைவிடக் கேவலம் வேண்டியதில்லை. தூக்குகிறவர்கள் மேடைக்குப் பக்கத்தில் போனார்கள்.

அப்போது எசினாம் வந்தாள். புருஷனுடைய கோடு போட்ட மேலங்கியை மாட்டிக்கொண்டு, அது முழங்காலுக்குக் கீழே தொங்க, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மேடைமேல் ஏறினாள். அண்ணன் பக்கத்திலிருந்த லேப்டாப்பை எடுத்து அவர் மடியில் வைத்துத் திறந்தாள். வாத்தியம் நின்றுவிட்டது. அவளுக்கு எங்கள் மொழி சந்தையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு கத்தினாள்.

"தெங்கான்! வெள்ளிக்கிழமை எங்க? நேத்து வெள்ளிக்கிழமை! போன வாரமும் வெள்ளிக்கிழமை! ஒண்ணும் வரலை! எங்க கிளம்பிட்ட? உக்காரு! அனுப்பிட்டுப் போ!"

பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு கோழியை நீட்டினார். அவள் கோழியைப் பார்த்தாள், கொண்டையைத் திருப்பிப் பார்த்தாள், சந்தையில் அழுகல் தக்காளியைத் தள்ளுவது போலத் தள்ளினாள்.

"கோழியா? எங்க வீட்ல இதைத் தின்னுவாங்களா? நாய்த்தலை கொண்டா! பெருசா!"

முதலில் சிரித்தது பெர்பெத்துவா அண்ணி. புருஷன் போன துக்கத்தில் தரையில் கிடந்தவள் எழுந்து உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கூட்டம் முழுக்கச் சிரித்தது. என் கயிற்றுக்காரன் விழித்துக்கொண்டான். கடைசியில் ஒரு கோழி, அரை மூட்டைச் சோளம், நாய்த்தலைக்கு வாக்குறுதி என்று பேரம் படிந்து, எசினாம் லேப்டாப்பை மூடி, "இப்ப போ" என்றாள். அண்ணன் போனார்.

ஆனால் அதன் பிறகும் அவளிடம் ஒருவரும் பேசவில்லை. அவள் இறங்கி வந்ததும் பெண்கள் எழுந்து வழிவிட்டார்கள். இயக்குநர் கைகுலுக்கி நன்றி சொன்னார். பெரியவர்கள் வணக்கம் சொன்னார்கள். அவள் மேலங்கியைக் கழற்றி மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ஞாயிறு மாலை சேறும் சகதியுமாக அகுருகு வந்து சேர்ந்தபோது அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாளாம்.

திங்கள் காலை நன்றி சொல்லத்தான் போனேன். சட்டைகூட மாற்றிக்கொண்டு போனேன். வாசலில் நான்கு மூட்டை, மூடி போட்ட தையல் மெஷின், காலில் செருப்போடு இரண்டு பெண் குழந்தைகள். அகுருகு கதவோரம் நின்று ஒரு ஒயரை வெறுமனே சுருட்டிக்கொண்டிருந்தான். எசினாம் நிமிர்ந்து, "குட்மார்னிங்" என்றாள்.

நன்றி தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிவிட்டேன். இன்னொரு கடிதம் வந்தால் வேலையே போய்விடும். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

"ஏ நாய்த்தலைக்காரி! எங்கண்ணன் கிளம்பினப்ப மறிச்சு வெச்சுக்கிட்டு அத்தனை பேரம் பேசினியே, இப்ப நீ கிளம்பினா யாருடி மறிக்கிறது? அரை மூட்டைச் சோளத்தையும் அமுக்கிட்டு ஓடப் பாக்குறியா? திருட்டுக் கழுதை, உள்ள போ!"

அகுருகுவின் கை ஒயரோடு நின்றது. அவள் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"உங்கண்ணன் எவ்வளவோ தேவலை" என்றாள். "செத்து மூணாம் நாள் உக்கார வெச்சப்பவும் உன்னைவிட லட்சணமா இருந்தார்."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தபோது அழுகை வந்துவிட்டது. அண்ணன் போனதிலிருந்து அதுதான் முதல் அழுகை. அவள் வாசற்படியில், மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுது தீர்த்தேன். யாரும் என்னைத் தேற்றவில்லை. எசினாம் தன் பெரிய பெண்ணிடம், "இந்த ஆள் எழுந்திரிக்க நேரமாகும். செருப்பைக் கழட்டு" என்றாள்.