அம்மா வீசிய ரிப்பன்

ஜூன் மாதம் வந்தால் எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் என்னைத் தேடி வந்துவிடுவார்கள். "ஹைஸ்கூல் இங்கிலீஷ் கிளாஸ்ல என்னாக்கா பண்ணுவாங்க?" என்று கேட்பார்கள். புரோஸ் நடத்துவார்கள், மெமரி போயம் ஒப்பிக்கச் சொல்வார்கள், ஆக்டிவ் வாய்ஸைப் பேசிவ் வாய்ஸாகத் திருப்பிப் போடச் சொல்லி உயிரை வாங்குவார்கள். அதற்கெல்லாம் நோட்ஸ் இருக்கிறது, மனப்பாடம் செய்து தப்பித்துவிடலாம். தப்பிக்கவே முடியாதது ஒன்றுதான்: எழுந்து நின்று வாயைத் திறந்து பேசுவது. அதை நான் எப்படிச் செய்தேன் என்று சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பீற்றிக்கொள்கிறேன் என்று என் தம்பி கிண்டல் செய்வான். ஆமாம், பெருமைதான். எனக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்க வேண்டுமாம்?

எட்டாவது வரை நான் சின்ன காஞ்சிபுரத்தில் தமிழ் மீடியம். ஒன்பதாவதில் அடம்பிடித்து இங்கிலீஷ் மீடியத்தில் சேர்ந்தேன். வீட்டில் அம்மா பட்டுத்தறியில் உட்காருவார். அப்பா ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு ஷிஃப்ட் பஸ்ஸில் போய் வருவார். "முடியலன்னா சொல்லிடுமா, மாத்திக்கலாம்" என்றார் அப்பா. ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு என்னவோ சுள்ளென்று ஏறியது.

ஆங்கிலம் எடுத்த மிஸ் கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். முதல் வாரமே கறாராகச் சொல்லிவிட்டார். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து குடும்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேச வேண்டும். கையில் பேப்பர் இருக்கக் கூடாது. பேச வராதவர்கள் பழைய மீடியத்துக்கே திரும்பிப் போகலாம்.

நான் அகராதியும் கையுமாக உட்கார்ந்து தயார் செய்தேன். தறியில் பாவு நூலுக்கு நடுவே, குறுக்கு இழையை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் மரக்கட்டையை எங்கள் வீடுகளில் நாடா என்போம். அகராதியில் நாடாவுக்கு ரிப்பன் என்று போட்டிருந்தது. அகராதியே சொன்ன பிறகு அப்பீல் ஏது?

என் முறை வந்தது. எழுந்து நின்றேன்.

"மை மதர் இஸ் எ வீவர். டெய்லி ஷீ த்ரோஸ் ரிப்பன்."

வகுப்பில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் தறி வீட்டுப் பிள்ளைகள், அவர்களுக்கும் அது சரியாகத்தான் பட்டிருக்கும். மிஸ் மட்டும் புருவத்தைச் சுருக்கினார்.

"ரிப்பனா? எதுக்கு அத வீசணும்? குப்பையிலயா?"

இப்போது சிரித்தார்கள். மனப்பாடம் செய்திருந்த மிச்சம் மொத்தமும் காற்றில் பறந்தது. இங்கே வாயை மூடினால் பழைய வகுப்புதான் என்பது எனக்குத் தெரியும்.

"நோ மிஸ். நாட் ஹேர் ரிப்பன். உட் ரிப்பன். இன்சைட் த்ரெட் இஸ் தேர். திஸ் சைட் கோயிங், தட் சைட் கமிங்." கையை வீசிக் காட்டினேன்.

மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. "ஓ, ஷட்டில்!"

அவ்வளவுதான், வகுப்பே அலறிச் சிரித்தது. ஷட்டில் என்றால் எங்களுக்கு பி.டி. பீரியடில் மட்டையால் அடிக்கிற இறகுப் பந்து. "மிஸ், அவங்க அம்மா வூட்ல ஷட்டிலா ஆடிக்கினு இருக்காங்க?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

ரிப்பனுக்குச் சிரித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் அம்மா ஆடிக்கொண்டிருக்கிறார் என்றதும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மிஸ் என்றும் பார்க்கவில்லை, இலக்கணமும் பார்க்கவில்லை.

"நோ மிஸ்! ஷட்டில் இஸ் கேம். மை மதர் இஸ் நாட் ப்ளேயிங். மை மதர் இஸ் வொர்க்கிங். மார்னிங் சிட்டிங், ஈவினிங் ஒன்லி கெட்டிங் அப். பேக் பெய்ன் கமிங், ஸ்டில் வொர்க்கிங். யூ கம் மை ஹோம், யூ சீ!"

சிரிப்பு அடங்கிவிட்டது. மிஸ் கோபிக்கவில்லை. தறியில் ஓடுவதற்குத்தான் முதலில் ஷட்டில் என்று பெயர், அதைப் போலவே இங்கும் அங்கும் போய் வருவதால்தான் இறகுப் பந்துக்கும் அந்தப் பெயர் வந்தது என்று நிதானமாக ஆங்கிலத்திலேயே விளக்கினார். ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"தட் கேம் டேக் அவர் நேம், மிஸ்?"

"எஸ்."

"வித்தவுட் ஆஸ்கிங்?"

மிஸ் வாய்விட்டுச் சிரித்தார். பின் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். என் அம்மாவின் கையில் ஓடுகிற கட்டையிடமிருந்து உலகமே கடன் வாங்கி விளையாடுகிறது என்று நினைக்க நினைக்க, எனக்கு ஓர் அடி உயரம் கூடிவிட்டதைப் போல இருந்தது.

"போதும் மக்களே, உக்காரு. நீ இனி எங்கயும் திரும்பிப் போக வேண்டாம்" என்றார் மிஸ், ஒருத்தியையே மக்களே என்று அழைக்கும் தன் ஊர்ப் பேச்சில்.

நான் உட்காரவில்லை.

"நாட் ஃபினிஷ்ட், மிஸ்" என்றேன். "மை ஃபாதர் இஸ் பெண்டிங்."