அமெரிக்கா நீங்கலாக

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதையை ஒட்டிய மாடிவீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. ரயில் வந்தால் பேச்சை அப்படியே நிறுத்துவார்கள். போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். உஷாந்தியும் சிறு வயதிலிருந்தே அப்படித்தான்.

காது மந்தமான தங்கை ஆரணி கல்யாணமாகி நியூ ஜேர்சி போனபிறகு, போனில் அந்த ரயில் பெருந்தொல்லையானது. வங்கியொன்றின் கணினிப் பிரிவில் வேலை பார்த்த உஷாந்தி, இரைச்சலைக் கழித்துக் குரலை மட்டும் கேட்கவைக்கும் செயலியொன்றைத் தானே எழுதினாள். வேறொருவர் என்றால் விற்றிருப்பார். இவளோ யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று திறந்த மூல உரிமத்தில் இலவசமாக விட்டாள்.

அப்போதுதான் அமெரிக்க நிறுவனமொன்று மின்னஞ்சல் போட்டது. அந்த இரைச்சல் கழிக்கும் முறைக்கு அங்கே ஆக்கவுரிமை, அதாவது பேட்டன்ட், தங்களுடையதாம். இலங்கையில் பதியவில்லை, ஆகவே இங்கே தடையில்லை. அமெரிக்காவை மட்டும் விலக்கினால் போதுமாம். அவள் தெரிந்தெடுத்த உரிமத்திலும் அதற்கு இடமிருந்தது. எழுதியவர் 'இன்ன நாடு நீங்கலாக' என்று ஒரு வரி சேர்க்கலாம். கடல் கடந்து வழக்காட வசதியில்லாதவள் என்ன செய்வாள்? சேர்த்துவிட்டாள்.

இனிமேல் செய்யும் திருத்தங்களை ஆரணிக்கு அனுப்ப வேறு வழி யோசித்திருந்தாள். நம்மவர்களின் வழக்கமான வழிதான்: பக்கத்து வீட்டுக்காரர் அமெரிக்கா பறக்கிறார், மிளகாய்த்தூள் பொதிக்குள் ஒரு பென்டிரைவையும் வைத்துவிடுவது.

ஆரணி மறுத்தாள். "எனக்கு மட்டும் களவா அனுப்பாதேங்கோ, அக்கா. இங்க என்னைப்போல எத்தினை பேர். அவையளுக்கு இல்லாதது எனக்கும் வேண்டாம்."

சொன்னதோடு நிற்காமல் தன் போனில் இருந்ததையும் அழித்துவிட்டாள். மறுபடியும் ரயில் வந்தால் அக்காவும் தங்கையும் வாயை மூடிக் காத்திருந்தார்கள்.

உஷாந்திக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. வேறொருத்தி என்றால் கோபித்துக்கொண்டிருப்பாள். இவள் அந்த நிறுவனம் தன்னுடையது என்ற முறையையே தூக்கி எறிந்தாள். ஆக்கவுரிமைக் காலம் முடிந்து, எந்த நாட்டிலும் யாரும் சொந்தம் கொண்டாட முடியாத பழைய முறையொன்றைப் பிடித்து முதலிலிருந்து எழுதினாள். முதல் முயற்சியில் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருப்பதாக ஆரணி தயவுதாட்சணியமில்லாமல் சொன்னாள். விட்டாளா? ஒரு வருஷம் மல்லுக்கட்டினாள். அப்படியொரு பிடிவாதத்தை நான் கண்டதில்லை.

கடைசியில் உரிமத்திலிருந்த 'அமெரிக்கா நீங்கலாக' என்ற வரியை அழித்துவிட்டு, உலகம் முழுமைக்குமாகச் செயலியை வெளியிட்டாள். அன்று மாலை தங்கையோடு பேசிக்கொண்டிருக்கும்போது ரயில் வந்தது. ஜன்னல் அதிர்ந்தது. பழக்கதோஷத்தில் உஷாந்தி பேச்சை நிறுத்திவிட்டாள்.

"ஏன் அக்கா நிப்பாட்டிட்டீங்கள்?" என்றாள் ஆரணி. "கதையுங்கோ."