காதக்கா

டிவி ஓடுகிற எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் அண்ணி முதலில் பார்ப்பது திரையின் வலது மேல் மூலையைத்தான். வீட்டுக்காரர்களின் முகமெல்லாம் அப்புறம். கட்டை விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடி, மூலையில் இருக்கும் சேனலின் சின்னத்தை நகத்தால் மறைப்பார். பிறகு சட்டென்று விரலை எடுப்பார். எடுத்த மறுகணம் அது இன்னாரென்று தெரிந்தால், "ம்." தெரியாவிட்டால் உதட்டைப் பிதுக்கி, அதை வரைந்தவருக்காகக் கொஞ்சம் வருத்தப்படுவார். ஒருமுறை பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தபோதும் விரல் மேலே போனது. வலிக்கிறதோ என்று டாக்டர் கையிலிருந்ததை நிறுத்திவிட்டார்.

கடைத்தெருவில் டிவி விற்கும் கடை ஒன்று உண்டு. சுவர் முழுக்கப் பெரிதும் சிறிதுமாகத் திரைகள். விடுமுறை நாளில் நாலு மணிக்கு அண்ணி அங்கே போய் நின்று எல்லாவற்றிலும் எங்கள் சேனலை வைக்கச் சொல்வார். முதல் தடவை கடைக்காரர் பெரிய வியாபாரம் என்று நினைத்து நாற்காலி போட்டார். இப்போது ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டு அவர் வேலையைப் பார்க்கிறார்.

"இத்தனை வருஷத்துல ஒரு ஒயராவது வாங்கியிருக்கீங்களா அக்கா?" என்று அவர் கேட்டதற்கு அண்ணி திரும்பாமலே பதில் சொன்னார். "வாங்கினா ஒண்ணுலதான் பாக்கலாம். இங்க வந்தா எல்லாத்துலயும் பாக்கலாம்ல?"

அவர் என் அண்ணனின் மனைவி. டிவி நிலையத்தின் கிராஃபிக்ஸ் அறையில் வேலை. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உடைகள் தைக்கும் அறையில் நான் இருக்கிறேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாலு மணிக்குத் தொடங்கி ஆறு மணிவரை ஓடுகிற 'குட்டி நேரம்' உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கார்ட்டூனும் கைவேலையும் புதிருமாக ஓடும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு நடுவே, ஒரு கழுதைக்குட்டி எட்டி எட்டிப் பார்க்குமே, ஒரே ஒரு காதோடு? அது அண்ணியின் கை. அதனால்தான் நிலையத்தில் வாசல் காவலரிலிருந்து செய்தி வாசிக்கிறவர்வரை அவரைக் காதக்கா என்கிறார்கள்.

லோகோ என்ற வார்த்தை அவர் வாயில் வராது. மூஞ்சி என்பார். மூலையில் சிறிதாக நிற்பது மூக்குத்தி. நிறங்களுக்கும் அவர் வைத்திருக்கும் பெயர்கள் வேறு. இருமல் மாத்திரைச் சிவப்பு, துணி சோப்பு நீலம், காய்ச்சல்காரன் நாக்கு வெள்ளை. கணினியில் அதற்கெல்லாம் எண்கள் இருக்கின்றன. அவருக்கு அவையும் தெரியும். ஆனால் சக ஊழியரிடம், "அந்த மஞ்சள் வேணாம், பழைய டார்ச் லைட் மஞ்சள் போடு" என்றுதான் சொல்வார். அவர்களும் சரியாகப் போட்டுவிடுகிறார்கள்.

வீட்டுக்குள் வந்தால் வேலை முடிந்தது என்று இல்லை. குளிர்பதனப் பெட்டியின் கதவில், அலமாரியின் உள்பக்கத்தில், குளியலறைக் கண்ணாடியில் என்று எங்கே பார்த்தாலும் நகத்தளவு காகிதத்தில் கழுதை ஒட்டியிருக்கும். கடந்து போகும்போது ஓரக்கண்ணால் பார்க்கத்தான். மருந்துக்கடையில் வேலை செய்யும் அண்ணன், முகம் சவரம் பண்ணப் போனால் தனக்கு முன்னால் ஒருத்தர் கண்ணாடியில் நிற்பதாகக் குறைப்படுவார். அவர்கள் மகளோ யார் வந்தாலும் இப்படித்தான் தன்னை அறிமுகம் செய்துகொள்வாள்: "எங்கம்மாவுக்கு ரெண்டு பிள்ளைங்க. ரெண்டும் கழுதை."

அதில் உண்மை உண்டு. குட்டி நேரம் தொடங்கப்போகிறது என்றபோது மேலிடத்தில் சிங்கம் கேட்டார்கள், கிளி கேட்டார்கள். அண்ணி அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. மகள் கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டி வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தாள். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதவள், "ஏய் கழுதை" என்றால் ஓடி வருவாள். அண்ணி கழுதைக்குட்டியை வரைந்துகொண்டு போய் நிகழ்ச்சிப் பொறுப்பாளரான புரோகிராம் சாரின் மேசையில் வைத்தார். வசவையா சின்னமாக வைப்பது என்று அவர் கேட்டாராம்.

"எந்த வீட்ல சார் பிள்ளைய சிங்கம்னு கூப்பிடுறாங்க? கொஞ்சினாலும் கழுதை, திட்டினாலும் கழுதை. அதுக்குத் தன்னையே டிவில பாத்த மாதிரி இருக்கட்டும்."

முதல் மூஞ்சி அட்டையில் போஸ்டர் கலரால் வரைந்தது. வானநீலப் பின்னணியில் 'குட்டி நேரம்' என்ற எழுத்துகள், அவற்றின் வலது கோடியிலிருந்து தலையை நீட்டும் குட்டி. நீண்ட இரண்டு காதுகள். அட்டையை நிறுத்திக் கேமராவில் பிடித்தார்கள். நிலையத்து மானிட்டரில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

ஒளிபரப்பு நாளன்று வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். அண்ணி மட்டும் நின்றார். இசை வந்தது, எழுத்து வந்தது, குட்டி வந்தது. "ஏன் இதுக்கு ஒரு காதுதான் இருக்கு?" என்று அண்ணன் கேட்டார். அண்ணி போய்ப் பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினார். காது வரவில்லை.

அந்தக் காலத்து வீட்டு டிவிகள் படத்தின் ஓரத்தை நாலு பக்கமும் கொஞ்சம் விழுங்கிவிடும். நிலையத்து மானிட்டர் விழுங்காது. ஓரத்தில் இடம் விட்டு வரைய வேண்டும் என்பது அந்த அறையின் முதல் பாடம். எழுத்துக்கெல்லாம் கவனமாக இடம் விட்ட அண்ணி, குட்டியைத் தலை நீட்ட வைத்த மகிழ்ச்சியில் வலது காதை விழுங்கும் பகுதியில் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஊரில் இருந்த எந்த டிவியிலும் அந்தக் காது தெரியவில்லை. அன்று அவர் சாப்பிடாமல் படுத்தார்.

மறுநாளே குட்டியைச் சற்று உள்ளே தள்ளி வேறொரு அட்டை வரையத் தொடங்கினார். நிகழ்ச்சிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்ததால் மாற்றுவதற்குச் சில நாள் ஆகும் என்றார்கள். அதற்குள் பிள்ளைகளின் படங்கள் வர ஆரம்பித்தன. குட்டியை வரைந்து அனுப்பச் சொல்லி நிகழ்ச்சியில் கேட்டிருந்தார்கள். மூட்டையாக வந்தன. பச்சைக் கழுதை, புள்ளி போட்ட கழுதை, சைக்கிள் ஓட்டும் கழுதை. எல்லாவற்றுக்கும் ஒரே காது. சிலர் காரணமும் எழுதியிருந்தார்கள். ஒரு காதை மழையில் தொலைத்துவிட்டதாம். அந்தப் பக்கம் படுத்துத் தூங்கியதில் மடிந்துவிட்டதாம். ஒரு பிள்ளை, அம்மா திருகியபோது கையோடு வந்துவிட்டது என்று எழுதியிருந்தது.

அண்ணி அவற்றைக் கிராஃபிக்ஸ் அறையின் தரை முழுக்கப் பரப்பிவைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு நடுவே நடந்தாராம். பிறகு புது அட்டையைச் சுவரோரம் திருப்பி வைத்தார். பழைய அட்டையை எடுத்து, தூரிகையை வானநீலத்தில் முக்கி, யாருக்கும் தெரியாத அந்தக் காதை அழித்தார். புரோகிராம் சார் வந்து பார்த்துவிட்டு, செய்த தப்பை மறைக்க இப்படி ஒரு சாக்கா என்று கேட்டார். அறையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் அனுப்பினது ரெண்டு காது சார். அவங்களுக்குப் போய்ச் சேந்தது ஒண்ணு. போய்ச் சேந்ததுதான் கணக்கு."

"அப்ப இனிமே நீ காதக்கா" என்றார் அவர். கிண்டலாகத்தான் சொன்னார். அண்ணி அதை மாலை போட்டதுபோல் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மூஞ்சி பல முறை மாறியது. பழையதை நினைத்து ஏங்குகிற ஆள் அவர் இல்லை. கணினி வந்த காலத்தில் எழுத்துகள் தங்கத்தில் வார்த்ததுபோல் பளபளத்துச் சுழன்றன. கழுதையும் உருண்டு திரண்டு, வழுக்கைத் தலையில் விளக்கு விழுந்ததுபோல் மின்னியது. இன்று பார்த்தால் மகளுக்குச் சிரிப்பு வருகிறது. அண்ணிக்கு வராது. "அப்ப கல்யாணத்துக்குப் போற உடுப்பு அதுதான். போட்டுக்கிட்டுப் போனோம். நல்லாத்தான் இருந்துச்சு." பிறகு ஊதாவும் எலுமிச்சைப் பச்சையும் திரையெங்கும் தெறித்த காலம். கழுதைக்குக் கறுப்புக் கண்ணாடி, காலில் சக்கரம். இடையில் ஒரு மேலாளர் கழுதை மரியாதையாக இல்லை என்று எடுத்துவிட்டு நட்சத்திரம் வைத்தார். தொலைபேசியை எடுக்க முடியாத அளவுக்குப் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். கழுதை திரும்பி வந்த அன்று அண்ணி அறைக்கு அறை இனிப்பு கொடுத்தார், அந்த மேலாளருக்கு முதலில். அதன்பின் பளபளப்பெல்லாம் உதிர்ந்து, இரண்டே நிறத்தில் தட்டையான கழுதை வந்தது. அதில்தான் அவருக்குப் பெருமை அதிகம். "வயசாக ஆக நகையக் கழட்டிட்டு நிக்கத் தெரியணும்" என்றார்.

எல்லா மாற்றத்திலும் மாறாதது காது மட்டும்தான். ஒவ்வொரு தடவையும் உடுப்பு மாறும்போது, நிகழ்ச்சியில் ஆள் மாட்டிக்கொண்டு ஆடும் கழுதையின் பெரிய துணித்தலையை நான் புதிதாகத் தைப்பேன். காது ஒன்றுதான் என்பதால் துணி மிச்சம் என்று அண்ணி கேலி செய்வார்.

இந்த வருடம் புது மூஞ்சிக்கு வெளியே ஓர் ஏஜென்சியை அமர்த்தினார்கள். இப்போது பிள்ளைகள் குட்டி நேரத்தைக் கைபேசியில்தான் அதிகம் பார்க்கிறார்கள். அதில் நகத்தளவு சதுரத்துக்குள் குட்டி நிற்க வேண்டும். அந்த அளவில் ஒற்றைக் காது, படம் முழுதாக வந்து சேராததுபோல் தெரிகிறது, ஆகவே இரண்டு காது வேண்டும் என்று ஏஜென்சி சொன்னது. நிலையத்தில் பலருக்கும் அது சரியென்றே பட்டது. இறுதிக் கூட்டத்துக்குத் துணித்தலையையும் கொண்டுவர வேண்டும், இரண்டாவது காது ஒன்று தைத்து வையுங்கள் என்று எனக்குச் சொல்லியனுப்பினார்கள்.

வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது மகள்தான் வாயைக் கொடுத்தாள். "அன்னைக்குப் போன காது இன்னைக்கு வருது. உன் தப்பத் திருத்துறாங்க, விடேன்மா."

அண்ணி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வரட்டும். ஆனா வந்துட்டா அது வேற யாரோ வீட்டுக் கழுதை."

கூட்டத்தன்று காலை என் தையல் மேசைக்கு வந்தார். தைத்து வைத்திருந்த காதை எடுத்து, தையலை விரலால் தடவிப் பார்த்தார். துணித்தலையில் வெறும் பக்கமாகக் கிடந்த இடத்தில் பொருத்திப் பிடிக்கச் சொன்னார். பின்னால் நகர்ந்து, கட்டை விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடினார். விரலை எடுத்தார். "ம்" வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை.

"தையல் சுத்தமா இருக்கு நாத்தனாரே" என்றார். போய்விட்டார்.

கூட்ட அறையில் நான் கடைசி நாற்காலியில், மடியில் கழுதைத்தலையோடு உட்கார்ந்தேன். இப்போதைய மேலாளர் நடுவில். ஏஜென்சியிலிருந்து வந்திருந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். மரியாதையாகப் பேசினாள். வேலையை நன்றாகச் செய்திருந்தாள். இரண்டு காதோடு குட்டி சதுரத்துக்குள் பாந்தமாகப் பொருந்தியிருந்ததை என் கண்ணும் ஒப்புக்கொண்டது. எல்லோரும் அண்ணியின் பக்கம் திரும்பினார்கள். சண்டை வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள்.

"நீங்க சொல்றது நியாயம்தான்மா" என்றார் அண்ணி. "வேலை கச்சிதமா இருக்கு." மேலாளர் பேனாவைத் திறந்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நிகழ்ச்சிக்கு நடுவுல ஓரத்துலேருந்து எட்டிப் பாப்பானே, அது எப்படி வரும்? கம்ப்யூட்டர்லாம் வேணாம். சும்மா போர்டுல போட்டுக் காட்டுங்க, போதும்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எழுந்து வெள்ளைப் பலகைக்குப் போனாள். மார்க்கரின் மூடியைத் திறந்து, எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே, பலகையைப் பாதிதான் பார்த்து வரைந்தாள். முதலில் மூக்கு வரும் என்றாள். மூக்கு வந்தது. அப்புறம் கண், ஒரு சிமிட்டல், நெற்றி மயிர். கை தங்குதடையில்லாமல் ஓடியது. பல காலம் பழகிய கை என்பது அந்த ஓட்டத்திலேயே தெரிந்தது. "அப்புறம் காது" என்றபடி நீளமாக ஒன்றை இழுத்துவிட்டு, முடிந்தது என்பதுபோல் மார்க்கரை மூடினாள்.

எல்லோரும் எதைப் பார்க்கிறார்கள் என்று அவளும் திரும்பிப் பார்த்தாள். மூடிய மார்க்கரோடு அப்படியே நின்றாள்.

"சின்ன வயசுல நோட்டு அட்டை பூரா இவனைத்தான் வரைவேன்" என்றாள், இதுவரை பேசிய குரலில் இல்லை. "மழையில தொலைச்சிட்டான்னு எழுதிக்கூடப் போட்டேன்."

மேலாளர் பேனாவைத் திரும்ப மூடினார். அண்ணியின் கட்டை விரல் உயர்ந்தது, ஒரு கண் மூடியது, விரல் இறங்கியது.

"ம்."

முகம் சிவந்துபோன அந்தப் பெண், படத்தை அழிப்பதற்காகப் பலகையின் அடித்தட்டில் டஸ்டரைத் தேடினாள். அது அங்கே இல்லை. அண்ணி அதைத் தன் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை மெதுவாக இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.