மடித்துத் தைக்க முடியாத துப்பாக்கி

கடற்கரையிலிருந்து திரும்பிய என் தங்கை செல்வி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். "பவுனக்கா போயிட்டாங்களாம்க்கா. போன வாரமே. கடலை விக்கிறவரு சொன்னாரு."

முத்தியால்பேட்டையிலிருந்து மாலைதோறும் பலூன் பலகையைச் சைக்கிளில் கட்டிக் கடற்கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்த பவுனக்காவை உங்களில் பலருக்கு முகமாவது தெரிந்திருக்கும். மில் வேலை போன பிறகு பலூன் சுடும் கடை போட்டவர். ஒரு தடவைக்கு ஒரு குண்டுதான் தருவார். மற்றதெல்லாம் முந்தானை முடிச்சில் இருக்கும். செல்வியின் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்துத் தந்தவர் அவர்தான்.

செல்விக்கு அப்போது பதினோரு வயது. அம்மா இல்லை, அப்பா பிரான்சில் வேலையில் இருந்தார். பலகையிலிருந்த பலூன் அத்தனையையும் செல்வி தப்பாமல் உடைத்ததைப் பெருமையாகக் கடிதத்தில் எழுதிவிட்டேன். அப்பாவின் பதில் வந்தது: "பாப்பாவுக்கு ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கிக் கொடு. வளர்கிற பிள்ளை, பெரியதாகவே பார்த்து வாங்கு." அவர் எழுதிவிட்டால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. ஆனால் ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியவள் நான். எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு வாரம் அந்தக் கடிதத்தைப் படிக்கிற புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு பவுனக்காவிடம் காட்டினேன்.

படித்துக் காட்டியதும் சிரித்தார். "பாவாடைன்னா கீழ மடிச்சுத் தைக்கலாம். துப்பாக்கிய எங்க மடிப்ப?"

கடைக்கு அவரே கூட வந்தார். கடைக்காரர் நீளமான ஒன்றை எடுத்துச் செல்வியின் கையில் கொடுத்தார். "நான் வெத்தல போட்டு முடிக்கற வரைக்கும் தூக்கிப் புடி" என்றார் பவுனக்கா. காம்பு கிள்ளுவதற்குள் துப்பாக்கியின் முனை தாழ்ந்து, ஆடி, கடைக்காரரின் பக்கம் திரும்பியது.

"காலித் துப்பாக்கிதாம்மா, பயப்படாதீங்க."

"காலின்னு உன் தொப்பைக்குத் தெரியுமா?"

கடையில் இருந்ததிலேயே சிறியதை வாங்கினோம். அவர் சுண்ணாம்பு தடவி, மடித்து, வாயில் போட்டு மெல்லும் வரை செல்வியின் கை ஆடவில்லை. அப்பாவுக்கு, பெரியது கிடைக்கவில்லை என்று பொய் எழுதினேன்.

குண்டு டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். குண்டு இல்லாத துப்பாக்கி என்ன செய்யும் என்று நினைத்தது என் அறியாமை. ஒரு விடுமுறை நாள், நான் சமையலறையில் இருந்தபோது, செல்வி உடைந்த பலப்பத் துண்டைக் குழலில் போட்டுத் தோட்டத்துக் கொடியில் காய்ந்த என் புடவையைச் சுட்டாள். புடவை கிழிந்தது. அதற்குப் பின்னாலிருந்து பக்கத்து வீட்டு அக்கா, இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்தார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பலப்பம் அவருக்கு ஒரு முழம் தள்ளிச் சுவரில் பட்டுத் தெறித்திருந்தது.

அன்று மாலையே துப்பாக்கியைத் துணியில் சுற்றி, செல்வியையும் இழுத்துக்கொண்டு பவுனக்காவிடம் போனேன். "நீங்களே வச்சிக்குங்க. எனக்கு வேணாம்."

அவர் வாங்கவில்லை. "இத நான் வாங்கிட்டா இந்தப் புள்ள நாளைக்கு வேற ஒண்ண எடுக்கும். குண்ட பூட்டுன, சரி. பின்னால யாரு இருக்கான்னு பாக்கச் சொல்லிக் குடுத்தியா?"

நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே தெரியாது. ஒவ்வொரு குண்டும் தருவதற்கு முன்னால் அவர் எழுந்து போய்ப் பலகைக்குப் பின்னால் தொங்கும் சாக்கைத் தூக்கிப் பார்ப்பார். விழுந்த குண்டைப் பொறுக்குகிறார் என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். அதைச் சொன்னேன்.

"ஒரு நாளு பாக்காம குடுத்துட்டேன்" என்றார். "அன்னையிலேந்து பாக்கறேன்." அந்த ஒரு நாளில் என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. பிறகு செல்வியிடம், "போ, சாக்கத் தூக்கிப் பாத்துட்டு வா" என்றார். அழுதுகொண்டே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அதன் பிறகே முந்தானை முடிச்சு அவிழ்ந்தது.

செல்வி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். துப்பாக்கி இன்னும் வீட்டில் இருக்கிறது. என் பயமும் போய்விடவில்லை. ஆனால் பயம் வந்தால் எழுந்து நடக்க வேண்டிய பத்து அடி எது என்று எனக்குத் தெரியும். பவுனக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.

செய்தி வந்த மறுநாள் செல்வி தோட்டத்துச் சுவரோரம் ஒரே ஒரு பலூனைக் கட்டினாள். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்து, குண்டு போடாமல் நின்றாள். "அக்கா, போய்ப் பாத்துட்டு வரியா?"

போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். திரும்பி வந்து அவள் உள்ளங்கையில் ஒரு குண்டை வைத்தேன்.