பிளாஸ்க்கில் போட்ட சர்க்கரை

படங்களுக்குச் சட்டம் போடும் கடை அந்தத் தெருவில் ஒன்றுதான் இருந்தது. அதை நடத்தியவரை எல்லோரும் பிரேம்காரர் என்று கூப்பிட்டார்கள். அவருடைய மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்ள வருகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பியே காலம் தள்ளியதால் அவருக்கு பிரேக் டீச்சர் என்று பெயர். புருஷன் பிரேம், பெண்டாட்டி பிரேக், வீட்டுக்குள் எப்படித்தான் சண்டை வராமல் இருக்கிறதோ என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசுவார்கள்.

சண்டை வரத்தான் செய்தது. பிரேம்காரர் இயல்பிலேயே பொறாமைக்காரர். யாரோ ஒரு ஆள் காசு கட்டிவிட்டு, கதவை மூடிக்கொண்டு, தன் மனைவியோடு ஒரு மணி நேரம் ஊர் சுற்றுகிறான் என்பதை அவரால் ஜீரணிக்கவே முடியவில்லை. கடை வாசலில் நின்று கண்ணாடி துடைக்கிற சாக்கில், பயிற்சிக் கார் போகும்போதெல்லாம் ஓட்டுகிறவன் முகத்தைப் பார்ப்பார். பெண்கள் என்றால் நிம்மதி. வயசானவர்கள் என்றால் போனால் போகட்டும். கொஞ்சம் வாட்டசாட்டமாக யாராவது தெரிந்துவிட்டால் அன்றைக்கு வெட்டும் சட்டமெல்லாம் கோணல்தான்.

அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் டீ. கல்யாணமான புதிதிலிருந்தே காலை டீ அவர் கைவேலை. தம்ளருக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை, அதுவும் குவித்து. பாடம் நடக்கும்போது குடிக்க ஒரு பெரிய பிளாஸ்க்கிலும் நிரப்பிக் கொடுத்தனுப்புவார். "உங்க டீ உள்ள போனாத்தான் எனக்கு வண்டியே ஸ்டார்ட் ஆகுது" என்று டீச்சர் சொல்வார். ஊரில் எவன் வேண்டுமானாலும் அவளோடு காரில் போகட்டும், என் டீயைத்தானே குடிக்கிறாள் என்று பிரேம்காரர் மனதைத் தேற்றிக்கொள்வார்.

அப்படி இருக்கும்போதுதான் மருந்துக்கடைக்காரர் கார் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார். மனைவியை இழந்தவர், மெதுவாகப் பேசுகிறவர். பாடத்துக்கு நடுவில் டீச்சர் அடிக்கடி பெட்ரோல் பங்க்கில் நிறுத்தச் சொல்லி பாத்ரூமுக்குப் போவதையும், தண்ணீர் பாட்டிலைக் கீழே வைக்காததையும் அவர் கவனித்தார். செருப்புக் கடித்து குதிகாலில் வந்த புண் வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தது. தூரத்துப் போர்டைப் படிக்க டீச்சர் கண்ணைச் சுருக்கினார். அடுத்த பாடத்துக்கு வரும்போது மருந்துக்கடைக்காரர் கடையிலிருந்து ஒரு மீட்டரைக் கொண்டுவந்து, காரிலேயே விரலைக் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார். பார்த்ததும் பாடத்தை நிறுத்திவிட்டு, இன்றைக்கே டாக்டரிடம் போங்கள் என்றார். சர்க்கரை நோய்தான் என்று டாக்டரும் உறுதி செய்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

டீச்சர் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது பிரேம்காரர் கேட்ட முதல் கேள்வி, "எந்த விரல்?"

அதன்பிறகு வீட்டில் எதற்கெடுத்தாலும் 'சார் சொன்னாரு' என்றாகிவிட்டது. பிஸ்கட் வேண்டாமாம், சார் சொன்னாரு. பழத்தைச் சாறாகப் பிழியாமல் அப்படியே கடித்துச் சாப்பிடணுமாம், சார் சொன்னாரு. டாக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார். ஆனால் டீச்சர் வாயில் டாக்டர் வரவில்லை. டீயில் சர்க்கரைக்குப் பதிலாகப் போடச் சொல்லி மருந்துக்கடைக்காரர் இனிப்பு மாத்திரை டப்பா ஒன்றைக் கொடுத்தார். உள்ளங்கையில் அடங்குகிற அந்த வெள்ளை டப்பா சமையலறை அலமாரியில் உட்கார்ந்துகொண்டு தன்னையே முறைத்துப் பார்ப்பதுபோல் பிரேம்காரருக்குத் தோன்றும்.

சில நாள் அந்த மாத்திரையைப் போட்டே டீ கொடுத்தார். டீச்சர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைக் கோணி, பரவாயில்லை, பழகிவிடும் என்பார். வண்டி ஸ்டார்ட் ஆகிறது என்று சொல்வது நின்றுபோனது. ஒரு நாள் காலையில் பிரேம்காரர் அந்த வேளைக்கான இனிப்பு மாத்திரைகளைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டு, பழையபடி மூன்று ஸ்பூன் சர்க்கரையைப் போட்டார். டீச்சர் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தார்.

"இன்னிக்கு டீ நல்லா வந்திருக்குங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக மறுநாளும் போட்டார். பிளாஸ்க்கிலும் போட்டார். டப்பா காலியாக வேண்டுமே என்று தினமும் எண்ணி மாத்திரைகளைத் தொட்டிக்குள் தள்ளினார். டீயில் போடுகிற சர்க்கரை என்ன செய்துவிடப் போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்த சமாதானத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. சர்க்கரை இறங்காமல் போனால் அந்த ஆளுடைய பேச்சு எடுபடாது. இந்த நினைப்பு உள்ளே இருப்பது அவருக்குத் தெரியும். அதை வெளியே எடுத்துப் பார்க்க மட்டும் அவர் துணியவில்லை.

டீச்சர் வாயைக் கட்டினார். சாயங்காலம் நடந்தார். ஆனாலும் ஒவ்வொரு பரிசோதனையிலும் சர்க்கரை இறங்கவே இல்லை. ஒரு நாள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து அழுதார். தான் எங்கே தப்பு செய்கிறோம் என்றே தெரியவில்லை என்றார். மருந்துக்கடையில் உட்கார்ந்திருப்பவன் பேச்சைக் கேட்டால் இப்படித்தான் ஆகும் என்று பிரேம்காரர் சொன்னார். சொல்லிவிட்டு, அவரைத் தேற்றுவதற்காக ஒரு டீ போட்டுக் கொடுத்தார்.

டாக்டர் இன்னொரு மாத்திரையும் சேர்த்து எழுதினார். சர்க்கரை இப்படியே ஏறிக் கிடந்தால் கண்ணுக்குள் இருக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள் கெடும், சிறுநீரகம் கெடும், கால் மரத்துப்போகும், கார் ஓட்டுகிறவருக்குக் கண்ணும் காலும் போனால் பிழைப்பே போயிற்று என்று எச்சரித்தார். இந்தப் புது மாத்திரை சர்க்கரையை வேகமாக இறக்கும், அதனால் வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த வாரம் பக்கத்து ஊரில் புதிதாகத் திறந்த ஒரு ஹோட்டலின் அறைகளுக்குப் படம் மாட்டுகிற வேலை பிரேம்காரருக்குக் கிடைத்தது. அங்கேயே தங்கிச் செய்ய வேண்டியிருந்தது. வீட்டில் டீச்சர் தானே டீ போட்டுக்கொண்டார், இனிப்பு மாத்திரை போட்டு.

மூன்றாம் நாள் மருந்துக்கடைக்காரருக்குப் பாடம். மதியச் சாப்பாடு தள்ளிப்போயிருந்தது. பாலத்தில் போய்க்கொண்டிருக்கும்போது டீச்சருக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. பாலம் முடிந்ததும் வலது பக்கம் திரும்பச் சொல்ல வேண்டியவர் இடது என்றார், அதையும் நாக்குக் குழறிச் சொன்னார். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிட்டது என்று பார்த்ததும் மருந்துக்கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. பாலத்தைத் தாண்டி வண்டியை ஓரமாக நிறுத்தி, பெட்டிக்கடைக்கு ஓடி ஒரு இனிப்புப் பானத்தை வாங்கிவந்து குடிக்கவைத்தார். டீச்சர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தார். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டு பிரேம்காரருக்குப் போன் செய்தார்.

பிரேம்காரர் போட்டிருந்த வேலைச் சட்டையோடு பஸ் ஏறி வந்தார். கட்டிலில் டீச்சர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் மருந்துக்கடைக்காரர், டீச்சரின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. அத்தனை பதற்றத்திலும் பிரேம்காரர் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கைப்பைதான். நேராகப் போய் அதை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

இத்தனை நாள் இறங்காத சர்க்கரை திடீரென்று இப்படி விழுந்தது ஏன் என்று மருந்துக்கடைக்காரருக்கு விளங்கவில்லை. இந்த மூன்று நாளில் சாப்பாட்டில் எதையாவது மாற்றினீர்களா என்று டீச்சரைக் கேட்டார்.

"எதையும் மாத்தல சார். இவர் ஊர்ல இல்ல, அதனால டீ மட்டும் நானே..."

டீச்சர் அதோடு நிறுத்திக்கொண்டார். கணவரைப் பார்த்தார். பிரேம்காரர் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பி, மதியம் சாப்பிடாததுதான் காரணமாக இருக்கும் என்று சொல்லி, செய்த உதவிக்கு நன்றியும் சொல்லி, கடையைப் பாருங்கள் என்று அவரை அனுப்பிவைத்தார்.

அவர் போனதும், "எத்தனை ஸ்பூன்?" என்று கேட்டார்.

"மூணு."

"பிளாஸ்க்ல?"

"அதுக்குத் தக்கபடி."

"ஏங்க?"

"டீ நல்லா இருக்குன்னு சொன்னியே" என்றார் பிரேம்காரர். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு மிச்சத்தையும் சொன்னார். "அந்த ஆள் சொன்னது பலிக்கக் கூடாதுன்னும் இருந்துச்சு."

டீச்சர் கத்தவில்லை. "நான் என் உடம்பைத் திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார். "இன்னிக்கு அந்தக் கார்ல ரெண்டு உயிர் இருந்துச்சு. டாக்டர்கிட்ட இதை நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

பிரேம்காரர் போய்ச் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "அப்போ இவ்வளவு நாள் நான் உங்க டீக்குத்தான் மாத்திரை எழுதிட்டு இருந்திருக்கேன்" என்றார். புது மாத்திரையை நிறுத்தினார். அதே டீயைத்தானே நீங்களும் குடிக்கிறீர்கள் என்று கேட்டு, பிரேம்காரரையும் பரிசோதனைக்கு அனுப்பினார். அவருக்கு இன்னும் நோயாகவில்லை, ஆனால் அதன் வாசல்படியில் நின்றார். ஈரலில் கொழுப்பும் சேர்ந்திருந்தது.

அன்றுமுதல் வீட்டில் டீ போடுவது டீச்சர்தான். சர்க்கரையில்லாத டீயை ஒரு தம்ளர் பிரேம்காரர் முன்னாலும் வைப்பார், பேச்சில்லாமல். அந்தப் பேச்சில்லாமை வெகுநாள் இருந்தது. டீச்சருக்குச் சர்க்கரை இறங்கியது, குதிகால் புண் ஆறியது, தூரத்துப் போர்டுகள் தெளிந்தன. மருந்துக்கடைக்காரர் லைசென்ஸ் வாங்கி, சொந்தமாகக் கார் வாங்கிப் போய்விட்டார். டீயில் சர்க்கரை போட்ட கதை கடைசிவரை அவருக்குத் தெரியாது.

பிரேம்காரரை விட்டுப் பொறாமை போய்விட்டது என்று சொல்ல முடியாது. டீச்சர் காலையில் பூங்காவில் நடக்கிறவர்களோடு சேர்ந்துகொண்டார். அந்தக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார், நன்றாகப் பாடுவார். இது காதில் விழுந்த மறுநாளே, பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நடந்தே பழகாத பிரேம்காரர் கான்வாஸ் ஷூ வாங்கினார். தபால்காரருக்கும் டீச்சருக்கும் நடுவில் புகுந்து, மூச்சிரைக்க, ஒரு நாள் விடாமல் நடந்தார். ஆறு மாதத்தில் பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போயிற்று. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், இவ்வளவு அக்கறையாக நடக்கிற நோயாளியைத் தான் பார்த்ததே இல்லை என்றார். டீச்சர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெகுநாளுக்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வந்திருந்தது.