தனியாக வந்த சாமை

ஜவ்வாது மலை ஏறும் ஷேர் ஜீப்பில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். கறுத்து ஒல்லியான உடம்பு, மடியில் சாமை மூட்டை. முடிச்சை அவிழ்ப்பார், முகர்வார், மறுபடி கட்டுவார்.

ரேடியோவில் செய்தி ஓடியது. ஏதோ ஒரு அரசாங்கம் சொந்த மக்களையே சுடுகிறதாம். அண்டை நாடுகளின் கூட்டமைப்போ, அது உள்நாட்டு விவகாரம் என்று ஒதுங்கிக்கொண்டதாம்.

"எங்க நாட்டாருங்களும் இதத்தான் சொன்னாங்க" என்று அந்த அம்மா சிரித்தார்.

பல மலையூர்கள் சேர்ந்தால் அங்கே ஒரு நாடு; அதன் தலைவர்கள்தான் நாட்டார்கள். அது கூடும் நாளில் ஒவ்வொரு ஊரும் சாமை கொண்டுவரும். ஒன்றாகப் பொங்கிச் சாப்பிட்டுத்தான் பேச்சு. இவர் குடும்பத்தை ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் தள்ளிவைத்து, கிணற்றையும் மறித்துவிட்டார். முறையிட்டதற்கு, 'அது உங்க ஊர் விஷயம்' என்று நாட்டார்கள் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

"இன்னாக்கா, மறுபடியுமா? தொரத்தப் போறாங்க" என்றார் டிரைவர்.

"ஊருப் பங்குல என் சாமைய சேக்கலபா. அதான் நானே நாட்டுக்கு எடுத்துனு போறேன். வாங்கினா என் வழக்கயும் கேக்கணும். வாங்கலன்னா, ஏன்னு எல்லா ஊரு முன்னாடியும் சொல்லணும். ஒரு ஊரு செய்ற அநியாயத்தக் கேக்காத நாடு, சோறு துன்னவா கூடுது?"

புளியமரத்தருகே இறங்கி, மூட்டையைத் தலையில் ஏற்றி நடந்தார். வாங்கினார்களா, தெரியாது. நாடுகள் கூடிப் பேசும் செய்தி வந்தால் இன்றும் நினைக்கிறேன்: வாசலில் அந்த அம்மா நின்றால் என்ன சொல்வார்கள்?