பாதியில் நிற்கும் முள்

முப்பது வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் ரீடிங் எடுத்தவர் என்பதால், அவருக்கு மீட்டர்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. குனிந்து பார்ப்பார், நோட்டில் எழுதுவார், எழுதியது சரிதானா என்று மறுபடி குனிவார். அடுத்த வீட்டு வாசல்வரை போய்விட்டுச் சந்தேகம் வந்து திரும்பிய நாட்களும் உண்டு. அவர் எழுதிய எண் தப்பு என்று ஒரு வீட்டுக்காரர்கூடப் புகார் சொன்னதில்லை. வேலையில் அது பெருமை. வீட்டில் அதுவே உயிரை வாங்கும். படுத்த மனுஷர் எழுந்து போய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். வெளியே கிளம்பினால் பூட்டை நாலு தடவை இழுப்பார்.

"இழுத்து இழுத்தே ஒருநாள் கதவைக் கையோட கொண்டுவரப் போறீங்க" என்பாள் மனைவி. அவள் தையல்காரி. மிஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமலே இதைச் சொல்வாள்.

இந்தப் பயம் அவர் பிறக்கும்போதே கூடப் பிறந்ததல்ல. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் மனைவிக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்ததும் வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். அவர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஏற்றம் தொடங்கியதுமே இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மெல்ல மேலே ஏறியது. அவர் அதைப் பார்த்தார். சொல்லலாமா என்று வாயெடுத்தார். டிரைவருக்குத் தெரியாததா, நாம் யார் சொல்ல என்று மூடிக்கொண்டார். முள் சிவப்பைத் தொட்டது, முன்னாலிருந்து ஆவி பொங்கியது, வண்டி ஏற்றத்தின் பாதியில் நின்றே போனது. டிரைவர் தண்ணீர் தேடி ஓடினார். ஒன்றேகால் மணி நேரம் கழித்து ஒரு லாரிக்காரர் அவர்களை ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டார். ஆண் குழந்தை. உயிரில்லாமல் பிறந்தது.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும். இதுதான் அவர் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. யார் சமாதானம் சொன்னாலும் ஏறவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு பெண் பிறந்தாள், நல்லபடியாக வளர்ந்தாள், கல்யாணமும் ஆயிற்று. ஆனாலும் வாடகை வண்டியில் ஏற அவர் ஒப்பவே மாட்டார். அதனால்தான் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், ஏற்கெனவே இரண்டு கை மாறிய ஒரு பழைய காரை வாங்கினார். அந்தக் காரில் அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். எவ்வளவு தூரம் ஓட்டினாலும் சூட்டு முள் அடியிலேயே படுத்துக் கிடக்கும். சாதுவான முள். அதைப் பார்த்தாலே அவருக்கு மூச்சு சீராகும்.

இப்போது அந்தப் பெண் நிறைமாதம். மருமகனுக்குக் கப்பலில் வேலை, வந்துசேர இன்னும் ஒரு மாதம் ஆகும். பிரசவத்துக்கு நாள் குறித்திருந்தது பத்து நாள் தள்ளி. ஆஸ்பத்திரியும் அதே ஆஸ்பத்திரி, மலையும் அதே மலை. போன வாரம் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பும்போது, நாலு ரோடு சேரும் இடத்தில் நட்டநடுவே கார் இருமிவிட்டு அணைந்தது. நாலு பக்கமும் ஹாரன். மீட்டர்காரர் சாவியை விட்டுவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள்தான் பக்கவாட்டிலிருந்து கையை நீட்டித் திருப்பினாள்.

தெருமுனை மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்தார். அவர் சிரிக்காமல் பேசவே மாட்டார். "சார், உங்க இஞ்சின் சூடே ஆகலை. அதான் காலையில இருமுது, பெட்ரோலும் குடிக்குது. இஞ்சின் சூடாகிற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம மூடி வச்சுக்கற வால்வு ஒண்ணு இருக்கு, தெர்மோஸ்டாட்னு பேரு. உங்களுது திறந்த வாயி திறந்தபடியே மாட்டிக்கிட்டிருக்கு. வாங்கின நாள்லேர்ந்தே அப்படித்தான் இருந்திருக்கும்."

"முள்ளு கீழயே நிக்குதே, அது நல்லதுதானே?"

"காய்ச்சல் பார்க்கிற மெஷின் எதையுமே காட்டலைன்னா உடம்பு நல்லா இருக்குன்னா அர்த்தம்? மாத்திடுங்க. ஆனா நான் மாட்ட மாட்டேன். நான் மாட்டினா நீங்க வீட்டுக்குப் போய் மறுபடி கழட்டிப் பார்ப்பீங்க. எப்படின்னு சொல்லித் தரேன், நீங்களே மாட்டிக்குங்க." சாமானைக் கையில் கொடுத்தபோது ஒன்றை அழுத்திச் சொன்னார். "இனிமே முள்ளு பாதி வரைக்கும் வரும். அதுதான் சரி. பயந்துடாதீங்க."

முள் வரும் என்றது மட்டும்தான் இவர் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை, இஞ்சின் ஜில்லென்று இருக்கும்போதே வேலையைத் தொடங்கினார். ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை ஒரு பேசினில் பிடித்தார். மேல் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தினார். இரண்டு போல்ட்டைக் கழற்றி மூடியைத் தூக்கினால், உள்ளே துரு பிடித்து வாய் பிளந்தபடி பழைய தெர்மோஸ்டாட். உள்ளங்கையில் அடங்குகிற சாமான், நடுவில் ஒரு ஸ்பிரிங். இத்தனை வருஷமும் தன்னைக் காப்பாற்றியது இந்த ஓட்டைதான் என்பதுபோல அதைத் துடைத்துப் பத்திரமாக எடுத்து வைத்தார்.

புதியதை நேரே மாட்டியிருக்கலாம். மீட்டர்காரராயிற்றே, விடுவாரா? சமையலறைக்குப் போய்ப் பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, சாமானை நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். தண்ணீர் சூடேறியதும் வால்வு மெதுவாக வாய் திறந்தது. எடுத்து ஆறவைத்ததும் மூடியது. மறுபடி போட்டார். மறுபடி திறந்தது.

"எத்தனாவது தடவை இது?" மனைவி வாசற்படியில் நின்று கேட்டாள்.

"ஆறு."

"அது திறந்து மூடித் திறந்து மூடியே இன்னைக்கே தேஞ்சு போயிடும். என் பாத்திரத்தைக் கொடுங்க."

அறையிலிருந்து மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, என்னைக்கூட இப்படி ஆறு தடவை செக் பண்ணியா பெத்தீங்க?"

ஸ்பிரிங் இஞ்சின் பக்கம் இருக்கவேண்டும், திருப்பிப் போட்டால் சூட்டில் திறக்காது, வண்டி கொதித்துவிடும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். இவர் சரியாகத்தான் போட்டார். கசியாமல் அடைக்கும் புது கேஸ்கெட் தாளை வைத்து, அதன்மேல் மூடியை வைத்து, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி முடுக்கினார். முடுக்கி முடித்ததும் சந்தேகம். கழற்றிப் பார்த்தார். சரியாக இருந்தது. மறுபடி மூடினார். கையைக் கழுவப் போனவர் பாதி வழியில் திரும்பி வந்து மறுபடி கழற்றினார். அப்போதும் சரியாகவே இருந்தது. அதற்குள் கேஸ்கெட் ஓரத்தில் லேசாக நைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் இன்னொரு பயம் வந்து ஒட்டிக்கொண்டது.

தண்ணீரை ஊற்றி, காற்றெல்லாம் குமிழியிட்டு வெளியேறும்வரை இஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். முள் அசைந்தது.

பதினெட்டு வருஷமாகப் படுத்திருந்த முள் எழுந்து கால் பங்கு வந்தது. அதற்கும் மேலே ஏறியது. பாதிக்கு வந்து நின்றது. இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் பார்த்தால் ஆவியில்லை, ஒழுகலில்லை, ஒன்றுமில்லை. ஆனால் கண்ணெதிரே முள் ஏறியதே! பழைய சாமானையே திரும்ப மாட்டிவிடுவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தார். இருமினால் இருமட்டும், நாலு ரோட்டில் நின்றாலும் நிற்கட்டும், கொதிக்காமல் இருந்தால் போதும். இஞ்சின் ஆறுவதற்காக ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து மகள் குரல் கேட்டது. "அம்மா!" அது சிரிப்புக் குரல் இல்லை.

பத்து நாள் கணக்கெல்லாம் பறந்தது. மனைவி பையோடு மகளைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது இவர் இன்னும் பானெட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு பத்து நிமிஷம் கொடு. பழசை மாட்டிடறேன். இது சரியில்லை, முள்ளு ஏறுது."

"பனிக்குடம் உடைஞ்சிடுச்சு. ஏறுங்க வண்டியில."

"ஏற்றத்துல நின்னுடுச்சுன்னா?"

"ஏறுங்கன்னு சொல்றேன்ல!"

ஏறினார். பின்சீட்டில் தாயும் மகளும். ஊர் எல்லை தாண்டும்வரை முள் கால் பங்கில் இருந்தது. அவர் ரோட்டைப் பார்த்ததைவிட அதைத்தான் அதிகம் பார்த்தார். ஏற்றம் தொடங்கியதும் பாதிக்கு வந்தது. முதல் வளைவிலேயே ஓரங்கட்டி நிறுத்தி, குதித்து இறங்கிப் பானெட்டைத் திறந்தார். ஹோஸைத் தொட்டுப் பார்த்தார். நைந்த கேஸ்கெட் பக்கம் விரலை வைத்தார். ஈரமில்லை.

"எதுக்கு நிறுத்தினீங்க?" மனைவி கத்தினாள்.

"ஆறட்டும். ரெண்டே நிமிஷம்."

மகள் முனகலைப் பல்லுக்குள் அடக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலி விட்டு விட்டு வந்தது. விடுகிற நேரம் குறைந்துகொண்டே போனது. மூன்றாவது வளைவு ஏறும்போது முள் பாதியைத் தாண்டி ஒரு மயிரிழை மேலே போனது. அவ்வளவுதான். இருபத்தாறு வருஷத்து ஆவி கண்முன் பொங்கியது. இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு இருக்கப் போவதில்லை. "நிறுத்தறேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு வண்டியை மறுபடி ஓரத்துக்கு ஒடித்தார்.

"நிறுத்தாதீங்க."

"கொதிக்கப் போகுதுடி! அன்னைக்கும் இப்படித்தான். நான் சொல்லியிருந்தா பிள்ளை பொழைச்சிருக்கும்…"

"பொழைச்சிருக்காது!"

வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் கண்ணாடியில் மனைவியின் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் பார்த்திராத முகம் அது.

"வண்டி கொதிச்சதால பிள்ளை போகலை. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே அசைவு நின்னு போச்சு. எனக்குத் தெரியும். வயித்துல கல்லு மாதிரி கிடந்துச்சு. யார்கிட்டயும் சொல்லலை. கொதிச்சிருந்தாலும் கொதிக்காட்டியும் அதான் நடந்திருக்கும். போதுமா? இப்ப வண்டிய எடுங்க."

மீட்டர்காரருக்குத் திடீரென்று முள்ளைப் பற்றிய பயம் போய் அதைவிடப் பெரிய பயம் வந்தது. பின்சீட்டில் கிடக்கிற வயிற்றுக்குள் என்ன நடக்கிறது? அதைக் காட்ட எந்த முள்ளும் இல்லையே. கேட்கத் தைரியம் வரவில்லை.

மகள்தான் வலிக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "அப்பா, இது உதைக்குது. நல்லாவே உதைக்குது. போங்கப்பா."

அவர் கியரை மாற்றி ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். மீதி ஏற்றம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினார். முள் எங்கே நின்றது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அவர் காது பின்சீட்டில் இருந்தது. மகள் கத்தும்போது நடுங்கினார், கத்தாமல் இருந்தபோது அதைவிட நடுங்கினார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைக் குறுக்கே போட்டுவிட்டு, சாவியைக்கூட எடுக்காமல் ஓடினார்.

முக்கால் மணி நேரம் கழித்து நர்ஸ் வந்து, ஆண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம் என்றாள். "அழுதுச்சாம்மா? அழுதுச்சா?" என்று இரண்டு தடவை கேட்டார். "கேட்டுப் பாருங்க" என்று நர்ஸ் கதவைக் கொஞ்சம் திறந்து பிடித்தாள். உள்ளே ஆஸ்பத்திரியே அதிரும்படி ஒரு அழுகை. அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன் சொல்லலை?" என்று கேட்டார்.

"முதல்ல, சொன்னா நிஜமாயிடுமோன்னு பயம். ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம்னு இருந்துட்டேன். அப்புறம் நீங்க முள்ளு முள்ளுன்னு அழுதீங்க. ரெண்டு நாள் சும்மா இருந்தவ நான்னு தெரிஞ்சா என் முகத்துல முழிப்பீங்களான்னு தெரியலை. வண்டி மேல பழி போனா வண்டிக்கு வலிக்காதுன்னு விட்டுட்டேன்."

"எனக்கு வலிச்சுதே."

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"தெரியும்" என்றாள்.